பென்சிலால் மட்டும் எழுதியவர்

அவர் கையில் பேனாவைப் பார்த்த அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "சாரே, பென்சில் தீந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டு நான் பாட்டுக்குத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு பேனாவில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் சாரைத் தெரிந்திருந்தால் கேட்கமாட்டீர்கள். ஒன்பது வருடம் அவரிடம் அட்டெண்டராக இருந்தேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது தவிர அவர் பேனாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அதற்கும் என்னிடம்தான் இரவல் வாங்குவார். மற்றதெல்லாம் பென்சில். திங்கட்கிழமை காலையில் ஆறு பென்சிலைச் சீவி அவர் மேசையில் வைப்பது என் வேலைகளில் ஒன்று.

"மையில எழுதினா நமக்கு ஒரு திமிரு வந்திரும் மோளே," என்பார். "பென்சிலுண்ணா, நான் மடையனாக்கும்ணு நாளைக்குத் தெரிஞ்சா சத்தமில்லாம அழிச்சிரலாம்."

மண்டைக்காட்டிலிருந்து கடலோரமாக நடந்தால் எங்கள் ஊர். ஊர் முடிகிற இடத்தில் பாறைமேட்டில் அரசாங்கத்தின் சின்ன ஆராய்ச்சி நிலையம். இரண்டு அறை, சாருக்கு ஒரு குவார்ட்டர்ஸ், வெளியே நாலு கம்பம், கம்பங்களுக்கு நடுவே கம்பி. அவ்வளவுதான். 'அரசாங்கம் துணி காயப்போடுத கொடி' என்று ஊரில் கேலி செய்வார்கள். வானத்திலிருந்து வருகிற சத்தத்தைப் பிடிக்கிற கம்பி அது. எந்தத் தேசத்திலோ மின்னல் வெட்டினால் சாருடைய அறையில் இருந்த ஸ்பீக்கரில் கடுகு பொரிவது போலப் பொரியும். பகல் முழுக்கப் பொரிந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்டு எழுதுவதற்கு ஒரு விஞ்ஞானி, அவருக்குச் சாயா வாங்கிவர நான்.

சார் களியக்காவிளைப் பக்கத்துக்காரர். பேச்சில் அந்த நீட்டல் இருக்கும். ஒரு வாக்கியத்தைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி சொல்வார். எதைக் கேட்டாலும் உறுதியாக ஒரு பதில் வராது. மழை பெய்யுமா என்றால் "பெய்யலாம்." பஸ் போய்விட்டதா என்றால் "போயிருக்கலாம்." மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்து உப்பு சரியா என்று கேட்டால், "செரியா இருக்கலாம், இன்னும் ரெண்டு கஷணம் தந்தா பாத்துச் சொல்லுதேன்" என்பார். ஊரில் அவருக்கு 'இருக்கலாம் சார்' என்றே பேர். அவருக்கும் அது தெரியும். என் தம்பி அஜின்தான் முகத்துக்கு நேரே கேட்டான்: "சாரே, ஒங்கள ஊருல இருக்கலாம் சாருண்ணு சொல்லுதாவளாமே, நெசமா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சொல்லலாம்" என்றார். அஜின் அன்று சிரித்த சிரிப்பு பாறைக்கு அந்தப் பக்கம் வலை உலர்த்தியவர்களுக்கெல்லாம் கேட்டது.

டீச்சர் ஒரு கதை சொல்வார். டீச்சர் என்றால் சாருடைய மனைவி. பக்கத்துப் பள்ளியில் கணக்கு எடுத்தார். பெண் பார்க்க வந்த அன்று டீச்சரின் அப்பா, "பிள்ளைய பிடிச்சிருக்கா?" என்று கேட்டாராம். "பிடிச்சிருக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார் மாப்பிள்ளை. வீடே கொந்தளித்துவிட்டது. அடுத்த ஞாயிறு சர்ச்சு முடிந்ததும் தனியாக வந்து இன்னொரு தடவை பார்த்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மூன்றாவது தடவைதான் பிடித்திருக்கிறது என்று சொன்னார். "ஆனா சொன்னது சொன்னதுதான் கேட்டியா. முப்பது வருசமா மாறல்ல" என்று சொல்லும்போது டீச்சரின் முகம் சிவந்துவிடும். அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு முகம் சிவப்பதைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லாமே மூன்று தடவைதான் அவருக்கு. ஒருமுறை மூன்று மாதமாக எழுதியது முழுக்கத் தப்பு என்று கண்டுபிடித்தார். வேறு யாராவதாக இருந்தால் இடிந்து உட்கார்ந்திருப்பார்கள். இவர் அறையிலிருந்து ஓடிவந்து, "மோளே, நாம எழுதினது பூராவும் தப்பு! ஓடிப்போயி பழம்பொரி வாங்கீட்டு வா!" என்றார். நானும் அவரும் டீச்சரும் உட்கார்ந்து தப்பைக் கொண்டாடினோம். பிறகு நானும் அவருமாக அழிரப்பரை வைத்து சாயங்காலம் வரை அழித்தோம்.

அப்படிப்பட்டவர் கையில்தான் பேனா.

அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு நாட்களாக அவர் சரியில்லை. ஸ்பீக்கர் பொரிகிறதற்கு நடுவில் வேறொரு சத்தம் கேட்டது. தாழ்ந்த சத்தம், விட்டு விட்டு, ஒரே ஒழுங்கில் வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாப்பிடக்கூட எழும்பாமல் உட்கார்ந்திருந்தார். என்னது சார் என்றேன். "தெரியல்ல மோளே. ஆரோ இருந்து விளிக்குத மாதிரியும் இருக்கலாம். கம்பியில துரு ஏறினதாவும் இருக்கலாம்." என்னைக் கம்பி முழுக்க உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார். மூன்று தடவை தேய்த்தேன். துரு போயிற்று, சத்தம் போகவில்லை. மறுநாள் காலை நான் வந்தபோது ஸ்பீக்கர் அடங்கிக் கிடந்தது. சார் நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

"மழை வருமா சாரே? துணி காயப்போட்டிருக்கேன்" என்றேன், வழக்கமான கேலியாக.

"நான்கு மணிக்கு வரும்" என்றார்.

நீட்டல் இல்லை, ஆட்டம் இல்லை. எந்த ஊர்க்காரர் என்று சொல்லமுடியாத தமிழ். நான்கு மணிக்கு மழை வந்தது. துணி நனைந்தது.

அதன்பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். கொதிக்கிற சாயாவை ஊதாமல் ஒரே மடக்கில் குடித்தார். வேர்க்கவில்லை. எங்கள் ஊர்க் கொசு யாரையும் விடாது, அவர்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. எல்லாவற்றையும்விட அந்த ஸ்பீக்கர்தான் என்னைக் கதிகலங்க வைத்தது. அவர் அறையைவிட்டு வெளியே போனால் பொரிய ஆரம்பிக்கும். திரும்பி உள்ளே கால் வைத்தால் சட்டென்று அடங்கும். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அப்படியே. கையில் இருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு டீச்சரிடம் ஓடினேன்.

டீச்சர் அடுக்களையில் நின்று வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் பிள்ளே," என்றார். "சாப்பாட்டுக்கு முன்ன நான் ஜெபம் சொல்லும்ப அவரு கண்ணை மூடல்ல. என்னையே பாத்துட்டு இருந்தாரு. நான் கேட்டுட்டேன், நீங்க ஆருண்ணு."

"என்ன சொன்னாரு டீச்சரே?"

"'இவர் காது கொடுத்தார், வந்தேன்'ண்ணு சொல்லுது. எனக்க மாப்பிள எங்கண்ணு கேட்டேன். 'உள்ளே இருக்கிறார். இவரிடம் உறுதியானது எதுவும் இல்லை. நிறைய இடம் இருந்தது'ண்ணு சொல்லுது பிள்ளே."

நாங்கள் இரண்டு பேரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

செய்யவேண்டியதையெல்லாம் செய்தார்கள். நாகர்கோவிலில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, எனக்கே இவ்வளவு ஆரோக்கியம் கிடையாது என்றார். டீச்சரின் சபையிலிருந்து வந்து உபவாச ஜெபம் பண்ணினார்கள். எங்கள் அம்மா அந்தோனியார் கோயிலில் கயிறு மந்திரித்து வாங்கிக் கொடுத்தாள். பேய் பிடித்தவர்கள் கயிற்றைப் பார்த்தால் கத்துவார்கள், ஓடுவார்கள். இது கையை நீட்டிக் கட்டிக்கொண்டது.

இதைவிட என்னை அதிரவைத்தது ஊர்தான். ஊருக்கு இந்தச் சாரை ரொம்பப் பிடித்துவிட்டது! "இப்பதாம்லே சாரு மனுசனானாரு. கேட்டா ஒரு பதிலு கிட்டுதுல்லா" என்றார்கள். எந்தப் பக்கம் வள்ளம் விட்டால் சூரை மீன் கிடைக்கும் என்று சொன்னார், கிடைத்தது. காணாமல் போன செயின் எந்தக் கிணற்றில் கிடக்கிறது என்று சொன்னார், கிடந்தது. ஒரு பெண்பிள்ளை பரீட்சையில் ஜெயிப்பேனா என்று கேட்டாள். "தோற்பாய்" என்றார். அவள் அழுது படுத்துவிட்டாள், பரீட்சை எழுதவே போகவில்லை. தோற்றாள். அதையும் சரியாகச் சொன்ன கணக்கில்தான் சேர்த்தார்கள். பாறைமேட்டில் காலையிலேயே ஆள் சேர்ந்தது. டீச்சர் மட்டும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? அம்மாவின் கண் ஆப்பரேஷன், மகளுக்குக் காலேஜ் சீட், எல்லாம் கேட்டேன். பயம் பழகிப்போயிற்று. ஒன்பது வருடமாக 'லாம், லாம்' என்று கேட்டுப் புளித்த காதுக்கு உறுதியான பதில் சுகமாகத்தான் இருந்தது. சீவி வைத்த ஆறு பென்சிலும் தொடாமல் அப்படியே இருந்ததை நான் தினமும் தூசி தட்டினேன்.

அஜின் மட்டும் போகமாட்டான். அவன் ஒற்றை ஆளாக ஃபைபர் வள்ளத்தில் தூண்டில் போடப் போகிறவன். "நீ ஒருக்கா கேட்டுட்டுப் போயேம்லே" என்று நான் நச்சரித்தேன்.

"போக்கா. எனக்கு நம்ம பழைய சாருதான் கொள்ளாம். காத்து அடிக்கலாம் மக்கா, பாத்துப் போண்ணுவாரு. பாத்துப் போவோம். இந்த ஆளு மூஞ்சியப் பாத்தா எனக்குக் கடலுக்குப் போவவே தோணல்ல."

அப்படிச் சொல்லிவிட்டுப் போனவன்தான் திரும்பவில்லை.

இரண்டு நாள் எங்கள் ஊர் வள்ளங்களே போய்த் தேடின. மூன்றாம் நாள் பெண்கள் கடற்கரை ரோட்டில் உட்கார்ந்தோம். எங்கள் கரையில் ஆள் காணாமல் போனால் அதுதான் வழி. நாங்கள் ரோட்டில் உட்கார்ந்தால்தான் கப்பல் கடலில் இறங்கும். உட்கார்ந்திருக்கிற வரைக்கும்தான் தேடும். அதிகாரிகள் வந்தார்கள், கப்பல் போயிற்று, ஹெலிகாப்டர் போயிற்று. நாங்கள் எழும்பவில்லை. ஐந்தாம் நாள் வெயிலில் அம்மா மயங்கி விழுந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏட்டி, நீ அங்கதான வேல பாக்க. போயி அவருட்ட கேளு. உண்டு, இல்லண்ணு ஒண்ணு தெரிஞ்சா போதும்."

போனேன். அவர் பதிவேட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் அடங்கியிருந்தது.

"எனக்க தம்பி உயிரோட உண்டுமா?"

"இல்லை" என்றார். சொல்லிவிட்டு அதைப் பேனாவால் எழுதவும் செய்தார்.

வாசல் வரை எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அப்போது முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் படபடவென்று பொரிந்தது. அதற்கு நடுவே சன்னமாக ஒரு குரல்.

"வரலாம் மோளே."

அந்த நீட்டல், அந்த ஆட்டம், அதேதான். திரும்பிப் பார்த்தேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவர் நெற்றியில் வேர்வை நின்றது. உதடு இன்னும் எதையோ சொல்லத் துடித்தது. அடுத்த நிமிடம் ஸ்பீக்கர் அடங்கியது. முகம் பழையபடி கல்லாகிவிட்டது.

எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபம் வந்தது. சொல்லவே நாக்கு கூசுகிறது. என் தம்பி செத்துக்கிடக்கிறான், இந்த மனுஷன் இன்னும் லாம் போட்டு இழுக்கிறாரே என்று எரிச்சல் வந்தது. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடத் தப்பாத வாய் 'இல்லை' என்று சொல்லிவிட்டது, பிறகென்ன என்று நினைத்தேன். ரோட்டுக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் நின்று, "எழும்புங்கம்மா. அஜின் போயிட்டான். சாரு சொல்லியாச்சு" என்றேன். மாரில் அடித்துக்கொண்டு எழும்பினார்கள். ரோடு திறந்தது. அன்று சாயங்காலமே கப்பலைத் திருப்பிக்கொண்டார்கள். மறுநாள் அஜினுடைய சட்டையை வெறும் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தோம்.

மூன்று வாரம் கழித்து, மேற்கே வெகுதூரம் ஆழ்கடலுக்குப் போன எங்கள் கரை விசைப்படகு ஒன்று அவனுடைய வள்ளத்தைக் கண்டு கட்டி இழுத்துவந்தது. இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் போயிருக்கிறது. அவன் உள்ளேதான் கிடந்தான். ஐஸ்பெட்டி மூடியின் உட்பக்கம் கத்தியால் கோடு கீறியிருந்தான், நாளுக்கு ஒரு கோடு. எங்கள் கோயில் பங்குச் சாமியார் விரல் வைத்து எண்ணினார். பிறகு என்னை எண்ணச் சொன்னார். பதினான்கு. நாங்கள் எழும்பியது ஐந்தாம் நாள்.

நான் பாறைமேட்டுக்கு ஓடினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அவர் சட்டையைப் பிடித்தேன். ஒன்பது வருடம் நான் சாரே என்று கூப்பிட்ட மனுஷனின் சட்டையை.

"பொய்யா சொன்னீரு?"

"பொய் இல்லை. அவன் இறந்துவிட்டான்."

"நான் கேட்ட அண்ணைக்கு உயிரோட இருந்தானே!"

"இருந்தான்."

"பின்ன எதுக்கு இல்லண்ணு சொன்ன?"

"சொன்னால் நீங்கள் எழுந்து போவீர்கள். கப்பல் திரும்பும். அவன் இறப்பான். நான் சொன்னது தவறவில்லை."

என் கை தானாக விட்டுவிட்டது. வாய் மட்டும் எப்படியோ கேட்டது. "உண்டுண்ணு சொல்லியிருந்தா?"

"தேடியிருப்பார்கள். வந்திருப்பான். அதுவும் சரியாகவே இருந்திருக்கும்."

"ரெண்டும் ஒனக்கு ஒண்ணுதானா?"

"நீ ஒரு பதில் கேட்டாய். ஒரு பதில் தந்தேன்."

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பரீட்சைக்குப் போகாத அந்தப் பிள்ளையின் அம்மாவும் அங்கே நின்றாள். ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அதன்பிறகு பாறைமேட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை.

டீச்சர் அவரைத் தங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் லீவு போட்டு வீட்டில் கிடந்தேன். மழைக்காலம் முடியும்போது ஒரு காலையில் பாறைமேட்டு அறையில் ஸ்பீக்கருக்குள்ளிருந்து தாழ்ந்த சத்தம் ஒன்று வந்து, தேய்ந்து, நின்றுபோனதாக அங்கே காவலுக்கு இருந்தவர் சொன்னார். சற்று நேரத்தில் டீச்சர் போனில் கூப்பிட்டார். "சாரு போயிட்டாரு பிள்ளே. கடைசியில அவருதான் இருந்தாரு. எனக்கக் கையப் பிடிச்சாரு. அவருக்கப் பென்சிலை எடுத்துட்டு வா, பெட்டியில வைக்கணும்" என்றார்.

அதற்காகத்தான் மாதங்களுக்குப் பிறகு அந்த மேசைப் பக்கம் போனேன். நான் சீவி வைத்த பென்சில்கள் இருந்தன, ஐந்துதான். ஆறாவதைத் தேடினேன். பதிவேட்டுக்குள் செருகியிருந்தது. முனை ஒடிந்திருந்தது. அது இருந்த பக்கத்தைத் திறந்தேன். நான் கேட்கப்போன அன்றைய தேதி. நடுவில் பேனாவில், அச்சடித்தது போல, 'இல்லை' என்று இருந்தது. அதற்குக் கீழே பென்சிலில், கை இழுத்த இழுப்புக்குக் கோணல்மாணலாக மூன்று வரி. காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தார்.

வரலாம்.

வரலாம்.

வரலாம், எழும்பாதிய.

எந்தப் பலத்தில் எழுதினாரோ தெரியாது. உள்ளே இருந்துகொண்டு சார் மூன்று தடவை பார்த்திருக்கிறார். நான் ஒரு தடவைதான் கேட்டேன்.